46 சுருள், மூன்று வருடம்: வீட்டு 8 எம்எம் பிலிமைக் கணினிக்குக் கொண்டுவந்த அனுபவம்

பிலிமில் உள்ள ஒவ்வொரு ஃபிரேமையும், அதாவது ஒவ்வொரு தனிப் படத்தையும், படம் பிடிக்கும் சின்ன ஸ்கேனர் ஒன்றை வாங்கி மூன்று வருடம் ஆகிறது. தாத்தா எடுத்த ரெகுலர் 8, அப்பா எடுத்த சூப்பர் 8 என இரண்டு வகை 8 எம்எம் பிலிமும் சேர்த்து 46 சுருள் ஓட்டி முடித்திருக்கிறேன். இந்த வேலையில் இறங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது எந்த மெஷின் நல்லது என்றுதான். நான் முதலில் கேட்கச் சொல்வது, உங்கள் படம் எந்த வேகத்தில் எடுக்கப்பட்டது என்று.

1932-ல் வந்த ரெகுலர் 8-ஐப் பொதுவாக வினாடிக்கு 16 ஃபிரேமில் எடுத்தார்கள். 1965-ல் வந்த சூப்பர் 8 பெரும்பாலும் 18. என் ஸ்கேனரோ எதைக் கொடுத்தாலும் 20 ஃபிரேம் எம்பி4 கோப்பாகவே எழுதும். அதனால் தாத்தாவின் சுருள்கள் 25 சதவீதம் வேகமாக ஓடின. பழைய படம் என்றாலே இப்படித்தான் ஓடும் என்று கண் பழகியிருந்ததால் எனக்கு உறைக்கவில்லை. காமிராவை வேறு யாரிடமோ கொடுத்துவிட்டுத் தாத்தா வாசற்படி இறங்கி வரும் காட்சி ஒன்று உண்டு, 11 வினாடி. அதைப் பார்த்துவிட்டு அம்மா, "மாமா இப்படிக் குதிச்சுக் குதிச்சு நடக்க மாட்டாங்களே" என்றார். வேகத்தை 16-க்கு மாற்றிப் போட்டேன். தாத்தா சுவரில் கையை ஊன்றுகிறார், நிற்கிறார், அப்புறம்தான் அடுத்த காலை எடுத்து வைக்கிறார். "இப்பத்தான் மாமா" என்றார் அம்மா. அதுவரை முடித்திருந்த 9 சுருளையும் மறுபடி எடுத்துத் திருத்தினேன்.

டாவின்சி ரிசால்வ் என்ற வீடியோ எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பே இதற்குப் போதும். கோப்பை டைம்லைனில் போடுவதற்கு முன்பே கிளிப் ஆட்ரிபியூட்ஸ் என்ற அமைப்பில் ஃபிரேம் ரேட்டை மாற்றிவிட வேண்டும். டைம்லைன் 25-ல் இருந்தால் சில ஃபிரேம்கள் இரண்டு முறை வரும், வரட்டும். இடைவெளியை மென்பொருளே கற்பனை செய்து நிரப்பும் ஆப்டிகல் ஃப்ளோவைப் போட்டால், கையசைக்கும்போது விரல்கள் கரைந்து மறுபடி முளைக்கின்றன.

ஸ்கேனிங்கில் பொறுமைதான் பெரிய செலவு. 50 அடி சூப்பர் 8 சுருளில் 3,600 ஃபிரேம், திரையில் 3 நிமிடம் 20 வினாடி. வினாடிக்கு இரண்டு ஃபிரேம் வீதம் என் மெஷினுக்கு அது அரை மணி நேரம். அந்த அரை மணியும் பக்கத்திலேயே இருங்கள். ஒரு முறை எழுந்து போய்விட்டேன். இரண்டு துண்டு பிலிமைச் சேர்த்த பழைய ஒட்டு ஒன்றின் பசை கசிந்து, ஃபிரேம் நின்று படமாகும் இடமான கேட்டில் பிலிம் சிக்கி, திரும்பி வருவதற்குள் ஒரே ஃபிரேம் நூற்றுக்கணக்கில் பதிவாகியிருந்தது. இப்போது சுருளைக் கையால் சுற்றிப் பார்த்து, காய்ந்த ஒட்டுகளைப் புதிதாகப் போட்ட பிறகுதான் மெஷினில் ஏற்றுகிறேன். டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாசனை அடித்தால் அசிடேட் பிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதை மற்ற சுருள்களிலிருந்து உடனே பிரித்து, முதல் வேலையாக ஸ்கேன் செய்யுங்கள். பிலிம் சுருங்கச் சுருங்கத் துளைகள் மெஷினின் பல்லுக்குப் பொருந்தாமல் போகும்.

ஸ்கேனர் எவ்வளவு வெளிச்சமாகப் பதிவு செய்ய வேண்டும் என்ற எக்ஸ்போஷரைக் கொஞ்சம் குறைத்து வைத்தேன். இருட்டை எடிட்டிங்கில் தூக்கிவிடலாம், வெளுத்துப்போன சட்டையில் மடிப்பை வரவழைக்க முடியாது.

நிறத்தைப் பொறுத்தவரை கோடாக் நிறுவனத்தின் கலர் பிலிமான கோடாக்குரோம் சுருள்கள் என்னை ஆச்சரியப்படுத்தின. அந்தச் சிவப்பும் நீலமும் இன்னும் அப்படியே இருக்கின்றன. வேறு சில சுருள்களில் சயான் என்ற நீலப்பச்சைச் சாயம் மங்கி, படம் முழுக்கச் செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது. சிவப்பு, பச்சை, நீலத்தின் அளவைத் தனித்தனியாகக் காட்டும் ஆர்ஜிபி பரேட் வரைபடத்தைப் பார்த்து மூன்று நிறங்களையும் சமன்படுத்தினால் தோல்நிறம் ஓரளவு திரும்புகிறது. புல் மட்டும் பச்சையாகவே இல்லை. அதற்குமேல் இழுக்காமல் விட்டுவிட்டேன்.

தூசு நீக்கும் ஃபில்டர்களிடம் கவனமாக இருங்கள். தூசு ஒரே ஒரு ஃபிரேமில் மட்டும் தெரியும், அடுத்ததில் இருக்காது. ஃபில்டர் அதை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது. வேகமாகப் பறக்கும் பந்தும் அப்படித்தான். அத்தையும் சித்தப்பாவும் சிறுபிள்ளைகளாகப் பந்து எறிந்து விளையாடும் காட்சியில், அத்தை கையை விட்ட பந்து பாதி வழியில் காணாமல் போய்ச் சித்தப்பா கையில் மறுபடி தோன்றியது. அந்த இடங்களில் ஃபில்டரை அணைத்துவிட்டு, தூசோடு பந்தையும் வைத்துக்கொண்டேன். ஏஐ மூலம் படத்தைப் பெரிதாக்கியும் பார்த்தேன். பாட்டியின் முகம் மெழுகாக மாறி, கன்னத்து மச்சம் போய்விட்டது. அன்றோடு அதை நிறுத்தினேன்.

ஸ்கேனரிலிருந்து வந்த மூலக் கோப்புகளில் நான் கைவைப்பதே இல்லை. திருத்தியவை தனி. எல்லாவற்றுக்கும் மூன்று பிரதிகள், அதில் ஒன்று தம்பி வீட்டில். பிலிமையும் தூக்கிப் போடவில்லை. அது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்பது போன மாதம்தான் தெரிந்தது. அப்பாவின் கடைசி இரண்டு சுருள்களின் ஓரத்தில் துருநிறத்தில் மெல்லிய கோடு ஓடுகிறது. அது காந்த ஒலிப்பட்டை. என் ஸ்கேனருக்கு ஒலியைப் படிக்கும் வசதி இல்லாததால், இரண்டையும் ஊமைப்படம் என்றே எழுதி வைத்திருந்தேன். ஒலியோடு ஸ்கேன் செய்து தருபவர்களுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறேன். காமிராவைப் பிடித்திருந்தவர் அப்பா. மைக்குக்கு மிகப் பக்கத்தில் இருந்ததும் அவர்தான்.