செவ்வாய்ப்பேட்டை பட்டறையில் அளவெடுத்த வளையல்

போன வருடம் அம்மாவுக்கு ஆன்லைனில் ஒரு வெள்ளி வளையல் வாங்கினேன். அளவு 2.6 என்று சரியாகத்தான் போட்டேன், ஆனால் வந்தது கையைக் கீழே தொங்கவிட்டாலே கழன்று விழுகிற அளவுக்குப் பெரிது. ஏன் அப்படி ஆனது என்பது சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு சந்துக்குள், பெயர்ப்பலகை கூட இல்லாத ஒரு சின்ன வெள்ளிப் பட்டறைக்குப் போன பிறகுதான் புரிந்தது. 2.6 என்பது தசமக் கணக்கு இல்லை. இரண்டு அங்குலம், அதோடு ஒரு அங்குலத்தில் பதினாறில் ஆறு பங்கு. உள்விட்டம் சுமார் 60 மில்லிமீட்டர். அதையே 2.6 அங்குலம் என்று கால்குலேட்டரில் தட்டினால் 66 வரும், அது கிட்டத்தட்ட 2.10 வளையல்.

பட்டறைக்காரர் அம்மாவின் மணிக்கட்டை அளக்கவே இல்லை. "கட்டை விரலைச் சுண்டு விரல் பக்கம் மடக்குங்கம்மா" என்று சொல்லி, கை முட்டி எலும்புகளைச் சுற்றி ஒரு காகிதப் பட்டையை ஓட்டினார். நூல் இழுபடும், காகிதம் இழுபடாது, அதனால் காகிதமாம். "மாட்டிக்கறது மணிக்கட்டுலதான், ஆனா தாண்டி வரவேண்டியது இந்த எலும்பைத்தானுங்களே?" பிறகு மூன்று மாதிரி வளையங்களை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு 2.6 என்றே எழுதினார். நான் போட்டது சரியான அளவுதான், அனுப்பியவர்கள்தான் தவறு.

எனக்குக் கொக்கி வைத்த கண்ணி பிரேஸ்லெட். அதற்கு மணிக்கட்டைத்தான் அளக்க வேண்டும். என் கை 16.5 சென்டிமீட்டர், ஒன்றரை சேர்த்து 18 போதும் என்று நினைத்தேன். நான் கேட்ட கண்ணி தடிமன் என்பதால் வளைத்துப் பூட்டும்போது உள்சுற்று குறைந்துவிடும் என்று சொல்லி 18.5 ஆக்கினார். அந்த அரை சென்டிமீட்டரின் அருமை போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, எழுதும்போது மேசையில் இடிக்கவில்லை, தோலையும் கவ்வவில்லை. பில்லில் கிராம் எடை, 92.5 சதவீத வெள்ளி என்ற தரம், செய்கூலி எல்லாம் தனித்தனியாக இருந்தன.

ஆனால் நான் இவ்வளவு தூரம் எழுதுவது அளவுக்காக மட்டும் இல்லை. பட்டறைச் சுவரில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒரு நடுகல்லின் புகைப்படமும் அதன் கல்வெட்டுப் படியும் மாட்டியிருக்கிறார். வீரன் ஒரு கையில் வில்லும் மறு கையில் வாளுமாக நிற்கிறான், மணிக்கட்டில் பட்டையாக ஒரு காப்பு. அந்தக் காப்பின் வடிவத்தையே வெள்ளியில் செய்து விற்கிறார், ஒவ்வொன்றுக்கும் நூறு ரூபாய் தனியாக எடுத்து வைத்து, சுற்றுவட்டாரத்தில் கல்வெட்டு தேடிப் போகிற ஆர்வலர்களுக்குக் காகிதம், மை, பெட்ரோல் செலவுக்குக் கொடுக்கிறார். படியெடுப்பதை அவரே செய்து காட்டினார். கல்லைக் கழுவி, ஈரத் தாளை ஒட்டி, பிரஷால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளத்துக்குள் தாளை இறக்கி, மேலே மை ஒற்றினால் கறுப்புக்கு நடுவே எழுத்து வெள்ளையாக எழுந்து நிற்கிறது. வயல் ஓரத்திலும் ஏரிக்கரையிலும் துணி துவைக்கிற கல்லாகக் கிடக்கிற நடுகற்களுக்கு இப்படி ஒருவர் செலவு செய்கிறார் என்பது எனக்கு உண்மையிலேயே பெரிய விஷயமாகப் பட்டது.

நகைப் பெட்டிக்குள் ஒரு சின்ன அட்டையும் வைக்கிறார். அம்மாவுக்கு வந்ததில் 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காபியைக் கொண்டுவந்த செய்தி, எனக்கு வந்ததில் ராஜாஜி 1917இல் சேலம் நகராட்சித் தலைவரானது. ஏற்காட்டுக்கு எத்தனை முறை போயிருப்போம், அந்தக் காபிச் செடி எப்போது வந்தது என்று வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை. அன்று ராத்திரி சாப்பாட்டு நேரம் முழுக்க அதே பேச்சுதான்.

குறையும் உண்டு. பத்து நாள் என்றார், பத்தொன்பது நாள் ஆனது, நடுவில் போன் எடுக்கவில்லை. கல்யாணத் தேதி நெருக்கத்தில் இருப்பவர்கள் ஒரு மாதம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். அளவு கொடுக்கச் சாயங்காலம் போவது நல்லது, காலையில் கை கொஞ்சம் மெலிந்திருக்கும். யாருக்கு வாங்குகிறீர்களோ அவரைக் கையோடு அழைத்துப் போங்கள், அளவுக்குப் பழைய வளையலைக் கொண்டுபோனால் பட்டறைக்காரர் ஒத்துக்கொள்வதில்லை.