விசுவமடுப் பக்கத்து நாற்றுக்கடை: நாற்றுக்குப் போங்கள், மாங்கன்றுக்குப் பையைப் பாருங்கள்

முடிவை முதலே சொல்லிவிடுகிறேன், நேரமில்லாதவர்கள் இதோடு போகலாம். மரக்கறி நாற்றுக்குக் கண்ணை மூடிக்கொண்டு போங்கள். பப்பாசிக் கன்றும் வாங்கலாம். ஒட்டு மாங்கன்றை மட்டும் பையைத் தடவிப் பார்க்காமல் வாங்காதீர்கள், ட்ரிப் செட் (குழாயால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடும் சாமான்) வாங்கினால் பூட்டும் வேலையை அவர்களிடம் கொடுக்காதீர்கள். கடை பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் விசுவமடுவுக்குக் கிட்ட இருக்கிறது. பெயர் போடவில்லை, ஏனென்றால் குறையும் சொல்லப்போகிறேன். அந்த வீதியால் அடிக்கடி போய்வருபவர்களுக்கு எது என்று விளங்கும்.

வன்னியில் வசந்தம் என்று தனியாக ஒரு காலம் கிடையாது. மாரி ஓய்ந்து, வாடை தணிந்து, கிணறு நிரம்பி நிற்கிற தை, மாசிதான் வளவுக்குள் இறங்கி வேலை செய்யத் தோதான நேரம். விடியப் பனி விழும், மண்வெட்டி லேசாக இறங்கும். சித்திரை பிறக்கிற நேரம் சூரியன் நேரே உச்சிக்கு வந்துவிடும், அதற்குப் பிறகு சோளகக் காற்றும் தொடங்கிவிட்டால் எங்கள் செம்மண்ணில் காலையில் ஊற்றிய தண்ணீர் மத்தியானம் எங்கே போனது என்றே தெரியாது, ஆகவே கன்று வேர்பிடிக்க இந்த இடைவெளிதான். இந்த முறை வீட்டுக்காரருக்கும் எனக்கும் ஆளுக்கொரு திட்டம். எனக்குக் கறிக்கு வேண்டியவை: கத்தரி, மிளகாய், தக்காளி, வேலியோரம் பயற்றை. இவருக்கு மாமரம், பப்பாசி, அதற்கு மேல் ‘குழாயைத் திறந்துவிட்டுச் சும்மா இருக்கலாம்’ என்று யாரோ சொல்லிக்கொடுத்த ட்ரிப் செட். கிணற்றடிப் பக்கம் எனக்கு, பின்வளவு அவருக்கு என்று பிரித்துக்கொண்டோம். இரண்டு பேருடைய சாமானும் ஒரே இடத்தில் கிடைக்கும் என்றுதான் அந்தக் கடைக்குப் போனது.

இவருக்குத் தோட்டப் பைத்தியம் பிடித்தது 2022 இல். சாமான் விலை ஏறி, பெற்றோலுக்கு வரிசையில் நின்ற அந்த வருசம், வீட்டில் பயிர் செய்யுங்கள் என்று அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமையில் விடுமுறை கொடுத்தார்களே, அந்த வெள்ளிக்கிழமைகளில் மற்றவர்கள் படுத்துத் தூங்க இவர் மரவள்ளித் தடியோடு நின்றார். பெற்றோல் வரிசை போய்விட்டது, பைத்தியம் போகவில்லை. சரி, கடைக்கு வருவோம்.

நாற்றுக்கள் உண்மையிலேயே நல்லவை. தட்டில் தும்புச்சோறு (தென்னந்தும்புத் தூள்) நிரப்பி ஒரு குழிக்கு ஒரு விதை போட்டிருக்கிறார்கள். நான் ஒரு கத்தரி நாற்றைக் குழியிலிருந்து உருவிக் காட்டச் சொன்னேன். பொடியன் முகம் சுளிக்காமல் அடியிலிருந்து விரலால் தள்ளிக் கையில் வைத்தான். வெள்ளை வேர் சுற்றிவரப் படர்ந்து, தும்புச்சோறு உதிராமல் கூம்பு மாதிரி அப்படியே நின்றது. தண்டு கட்டை, அடியில் இலேசாக ஊதா ஓடியிருந்தது. நிழலுக்குள் இழுபட்டு நீண்டு வளர்ந்த நாற்றென்றால் கையில் எடுத்தவுடனே தலை சாயும், இது சாயவில்லை. காரணம் கேட்டபோதுதான் தெரிந்தது: விற்பனைக்கு வரும் தட்டுக்களைச் சில நாள் முன்னதாகவே பச்சை வலைக்கு வெளியே எடுத்து, தண்ணீரையும் குறைத்து, வெயிலுக்குப் பழக்குகிறார்கள். இது சின்ன விசயம் இல்லை. சந்தையில் ஈரச் சாக்கில் சுற்றி வைத்து விற்கும் நாற்றை நட்டுவிட்டு, பின்னேரம் வரைக்கும் அதற்கு மேல் தென்னோலை குத்திக் காவல் இருந்தவர்களுக்கு வித்தியாசம் விளங்கும். விலை சந்தையை விடக் கொஞ்சம் கூடத்தான், ஆனால் வைத்ததில் அநேகமாக எல்லாம் பிழைத்துவிட்டது, ஆகவே கணக்குப் பார்த்தால் இதுதான் மலிவு.

கத்தரியில் திருநெல்வேலி ஊதா எடுத்தேன். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியின் பெயரில் உள்ள இனம், எங்கள் பக்கத்துச் சமையலுக்கு அதுதான் சரி. பாற்கறிக்குக் கரைந்துபோகாது, பொரித்தால் எண்ணெயைக் குடித்துக் குவியாது. மிளகாயில் எம்.ஐ-2, அது மகா இலுப்பள்ளம ஆராய்ச்சி நிலையத்து இனம். ஹைபிரிட் மிளகாயும் வைத்திருக்கிறார்கள், காய் பெரிது, விலையும் பெரிது. எனக்கு விதை எடுத்து அடுத்த முறைக்கும் வைக்க வேண்டும் என்பதால் பழைய இனத்தையே கேட்டேன். எந்தத் தட்டில் எந்த இனம், எப்போது விதை போட்டது என்று ஒவ்வொரு தட்டிலும் மார்க்கரால் எழுதி ஒட்டியிருக்கிறார்கள், மழைத்தண்ணி பட்டு அழிந்ததை அந்தப் பொடியன் நான் நிற்க நிற்கத் திரும்ப எழுதினான்.

இந்தக் கடையில் எனக்கு மரியாதை வந்தது தக்காளியில். நாங்கள் போனது மாசிக் கடைசி. தக்காளி நாற்று கேட்டேன், தட்டில் பச்சையாக, பார்க்க ஆசையாக இருக்கிறது. கடைக்கார அண்ணை, “இப்ப வைச்சியளெண்டா சித்திரை வெயிலுக்குப் பூவெல்லாம் கொட்டுண்டு போகும் தங்கச்சி, வேண்டாம்” என்றார். அவர் சொன்னது சரி. இரவிலும் சூடு இறங்காவிட்டால் தக்காளிப் பூ காய் பிடிக்காது. காசைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற ஆளுக்கு இருக்கிற சாமானை விற்காமல் விடுகிற கடையை நான் இந்த வீதியில் வேறு காணவில்லை. அதற்குப் பதிலாக வெண்டியையும் பயற்றையையும் விதையாகவே தந்து, இவற்றுக்கு நாற்று வேண்டாம், நேரே குழியில் ஊன்றுங்கள் என்று சொல்லிவிட்டார். வெண்டி இப்போது பூத்து நிற்கிறது.

பப்பாசி ரெட் லேடி. இதில் ஒரு கேள்வி கட்டாயம் கேட்க வேண்டும்: விதை பைக்கற்றிலிருந்து போட்டதா, சாப்பிட்ட பழத்திலிருந்து எடுத்ததா? ரெட் லேடி ஒரு எஃப்-1 கலப்பு, அதாவது இரண்டு வகையைக் கலந்து எடுத்த முதல் தலைமுறை, அதன் பழத்து விதையைப் போட்டால் தாய் மாதிரி வராது, பாதி மரம் ஆணாகப் போனாலும் ஆச்சரியப்பட முடியாது. இவர் கேட்டார், அண்ணை உள்ளே போய் வெறும் விதைப் பைக்கற்றைக் கொண்டுவந்து காட்டினார். கன்றுகள் ஒரு சாண் உயரம், நல்ல நிறம். மழைத்தண்ணி அடியில் தேங்கினால் பப்பாசி வேர் அழுகிச் சரிந்துவிடும் என்பதால் மண்ணைக் கூட்டி மேடாக்கி வைக்கச் சொல்லி அவரே நினைவூட்டினார். மாரி வரும்போதுதான் அந்த மேட்டின் அருமை தெரியும்.

இனி மாங்கன்று. கறுத்தக்கொழும்பான் ஒட்டு, ஒன்று ஆயிரம் ரூபாவை நெருங்குகிறது. இரண்டு எடுத்தோம். ஒன்று நட்ட கொஞ்ச நாளிலேயே இலை தொங்கி, தண்ணீர் விட்டும் தலை நிமிரவில்லை. மற்றதை நடுவதற்குப் பையை பிளேட்டால் கீறியபோது காரணம் கண்ணுக்கு முன்னால் இருந்தது: ஆணிவேர் பையின் அடியில் முட்டி, வளைந்து, தன்னைத் தானே சுற்றி இறுகிப்போய், வெளிப்புறம் மண்ணே தெரியாமல் வேர்தான் தெரிகிறது. நாற்றுத் தட்டை அவ்வளவு கவனமாகப் பார்க்கிற கடை, மாங்கன்றைச் சின்னப் பையிலேயே கனகாலம் போட்டு வைத்திருக்கிறது. இப்படிச் சுற்றின வேர் நிலத்துக்குள் போனாலும் சுற்றியே வளரும், பிறகு சோளகம் அடிக்கும்போது மரம் ஆடும். அது போதாதென்று ஒட்டுக்குக் கீழே, அடிக்கட்டையிலிருந்து ஒரு தளிர் கிளம்பி, மேலே உள்ள ஒட்டுக்கிளையை விட வேகமாக வளர்ந்திருந்தது. அதைக் கிள்ளாமல் விட்டால் கடைசியில் வளவில் நிற்பது கறுத்தக்கொழும்பான் அல்ல, பெயர் தெரியாத ஏதோ ஒரு புளிமாங்காய்.

திருப்பிக் கொண்டுபோனோம். முதலில் நின்ற பொடியன் “நட்ட பிறகு நாங்கள் பொறுப்பில்லை” என்றான். அண்ணை வந்து, வாடினதைப் பார்த்து, ஒன்றுக்கு மாற்றுக் கன்று தந்தார், மற்றதற்குத் தரவில்லை. பாதி நியாயம். மாற்றுக் கன்றை இவர் தானே தெரிந்தெடுத்தார்: பையின் அடி ஓட்டையால் வேர் வெளியே தள்ளாதது, ஒட்டின இடம் புடைத்து வெடிக்காமல் மூடியது, சுற்றின பொலித்தீன் நாடா தண்டை இறுக்கி வெட்டாதது. அது இப்போது செம்புநிறத் தளிர் விட்டிருக்கிறது.

ட்ரிப் செட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் ஊரில் இப்போது எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள். சாமான் தரம் பரவாயில்லை. பதினாறு மில்லிமீற்றர் கறுப்புக் குழாய், அதில் குத்திச் செருகும் ட்ரிப்பர்கள், வால்வு, ஒரு சின்ன வடிகட்டி. பூட்ட இரண்டு பேர் வந்தார்கள், தேநீர் குடித்தார்கள், குழாயை இழுத்தார்கள், மோட்டரைப் போட்டுக் காட்டினார்கள், சொட்டியது, கூலியை வாங்கிக்கொண்டு போனார்கள். ஆனால் நாங்கள் முதலே சொல்லியிருந்தோம், தண்ணீர் கொடுக்கப்போவது தாங்கியிலிருந்து, மோட்டரிலிருந்து அல்ல என்று. தாங்கியைத் திறந்தால் முன்வரிசை மட்டும் நனைகிறது, கடைசிப் பப்பாசிக்கு ஒரு சொட்டும் இல்லை. பக்கத்து வளவுத் தம்பி கிளிநொச்சி அறிவியல் நகரில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடத்தில் படிக்கிறான், அவன் வந்து ஒரு ட்ரிப்பரைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். தண்ணீர் ஒரு மீற்றர் உயரத்தில் நின்றால் கிடைக்கிற அழுத்தம் 0.1 பார்தான் (பார் என்பது அழுத்தத்தின் அலகு). எங்கள் தாங்கி நிற்பது ஐந்தடி மேடையில், அதாவது ஒன்றரை மீற்றர். அவர்கள் செருகிவிட்டுப் போனது அழுத்தத்தைத் தானே சரிசெய்யும் வகை, அது அரைப் பாருக்குக் கீழே ஒழுங்காக வேலை செய்யாது. “அக்கா, இது மோட்டருக்குத்தான் சரி, தாங்கிக்குத் திருகித் திறக்கிற வகைதான் வேணும்” என்றான். அந்த வகையும் அதே கடையில், அதே தட்டில், விலை குறைவாக இருக்கிறது! அதை ஏன் முதலே தரவில்லை என்று கேட்டதற்கு, எல்லோரும் இதைத்தான் வாங்குகிறார்கள் என்பது பதில்.

ட்ரிப்பர்களை மாற்றி, வரிசைக்கு ஒரு வால்வு வைத்து இவரே திரும்பப் பூட்டினார். இப்போது ஒரு வரிசையைத் திறந்தால் கடைசி வரைக்கும் சொட்டுகிறது. இன்னொன்று: எங்கள் கிணற்றுத் தண்ணீர் கேத்திலில் வெள்ளை படிய வைக்கும் தண்ணீர். அதே வெள்ளை ட்ரிப்பர் வாயிலும் படிகிறது. கழற்றி வினாகிரியில் ஊறப்போட்டால் கரைந்துவிடும், ஆனால் இதையும் கடையில் யாரும் சொல்லவில்லை. வடிகட்டியைக் கழுவுகிற வேலையும் இருக்கிறது. ‘சும்மா இருக்கலாம்’ என்று சொன்னவரை இவர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.

மற்றச் சாமான்களைச் சுருக்கமாகச் சொன்னால், பச்சை நிழல்வலை நல்லது, ஐம்பது வீதம் நிழல் தருவதைக் கேட்டு வாங்குங்கள், அதற்கு மேல் போனால் மரக்கறி நீண்டு சோரும். கூட்டெரு மூட்டை வேண்டாம், எங்களுக்கு வந்ததில் கோரைக்கிழங்கு இருந்தது, அதைப் பிடுங்கி முடிக்கிறதற்குள் நாரி போய்விட்டது. பட்டியடியில் மாட்டெரு கேட்டு வாங்குவதே மேல். மயிலுக்கும் குரங்குக்கும் என்று நைலோன் வலை ஒன்று விற்கிறார்கள், அதன் விலைக்கு மயிலையே வளர்க்கலாம். நாங்கள் முல்லைத்தீவுக் கரையில் தெரிந்தவரிடம் பழைய மீன்பிடி வலை வாங்கிக் கதியாலில் கட்டிவிட்டோம். மயிலை அது மறிக்கிறது. குரங்கை வலையும் மறிக்காது, நாயும் மறிக்காது.

இவ்வளவு குறை சொன்ன பிறகும் ஆவணி, புரட்டாதியில் மாரிப் பயிருக்கு நாற்று எடுக்க அங்கேதான் போவேன், அப்போது தக்காளியும் தருவதாகச் சொல்லியிருக்கிறார். போகிறவர்கள் விடியவே போங்கள், பத்து மணிக்குப் பிறகு நல்ல தட்டெல்லாம் பட்டா லொறியில் ஏறிப் புதுக்குடியிருப்புப் பக்கம் போய்விடும். மோட்டார் சைக்கிளில் போனால் பெட்டி ஒன்று கொண்டுபோங்கள், அவர்கள் தருவது மெல்லிய ஷொப்பிங் பை, நாற்று நசியும். பாங்க் காட் எடுப்பதில்லை, காசுதான்.