பேட்டரி மாற்றினேன், செல்ஃப் பிரித்தேன்: கோளாறு இருந்தது ஒரு முழ ஒயரில்

2013-இல் வாங்கிய டீசல் கார். தூத்துக்குடியில், கடலிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி, ஷெட் எதுவும் இல்லாமல் தெருவில்தான் நிற்கிறது. 1,30,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. மைலேஜ், கிளட்ச், ஏசி எதிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. செல்ஃப் மட்டும் இரண்டு வருடம் படாதபாடு படுத்தியது.

காலையில் சாவியைத் திருப்பினால் 'உர்ர்… உர்ர்…' என்று முனகி, மூன்று நான்கு விநாடி இழுத்து, அப்புறம்தான் பிடிக்கும். பிடித்துவிட்டால் ஓட்டத்தில் ஒரு குறையும் கிடையாது. நல்ல வேகத்தில் சுற்றியும் பிடிக்காத வண்டி என்றால் டீசல் ஃபில்டர், ஹீட்டர் பிளக் பக்கம் தேட வேண்டும். என் வண்டியில் சுற்றுவதே மந்தம். அப்படியானால் பெரும்பாலும் பேட்டரி, செல்ஃப் மோட்டார், இரண்டுக்கும் நடுவே உள்ள ஒயர்கள், இதற்குள்தான் விஷயம்.

"பேட்டரிக்கு வயசாயிட்டு அண்ணாச்சி" என்றார் மெக்கானிக். நாலு வருடப் பேட்டரி, நம்பினேன். புதுசு போட்டதும் ஒரு மாதம் ஜோராக இருந்தது, பிறகு பழைய கதை. அடுத்து செல்ஃபைக் கழற்றி கார்பன் பிரஷ், புஷ் (மோட்டார் தண்டு சுழலும் வளையம்) மாற்றினார்கள். 2,800 ரூபாய். அதுவும் இரண்டு மாதத்தோடு சரி.

புதுப் பேட்டரியும் போச்சு என்று அவர் ஆரம்பித்தபோதுதான் 400 ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கினேன். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட், முழு சார்ஜ். இஞ்சின் ஓடும்போது 14.2, ஆல்டர்னேட்டரும் நன்றாக இருக்கிறது. மகனைச் சாவி திருப்பச் சொல்லிப் பார்த்தால் 10.7.

இந்த 10.7-தான் என்னைக் குழப்பியது. பேட்டரி பலவீனமாக இருந்தாலோ, மோட்டார் இறுகிப்போய் அளவுக்கு மேல் கரண்ட் இழுத்தாலோ, வோல்ட் 9.6-க்குக் கீழே சரியும். இங்கே பேட்டரி சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறது, மோட்டார் முனகுகிறது. கரண்ட் நடுவழியில் எங்கோ மறிக்கப்படுகிறது என்று அர்த்தம்.

மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் மைனஸ் முனையிலும், இன்னொன்றை இஞ்சினின் பெயின்ட் இல்லாத இரும்பிலும் வைத்துக்கொண்டு, மறுபடி சாவியைத் திருப்பச் சொன்னேன். அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது 1.9 காட்டியது. எர்த் வழியிலேயே, அதாவது கரண்ட் இஞ்சினிலிருந்து பேட்டரியின் மைனஸுக்குத் திரும்பும் பாதையிலேயே, கிட்டத்தட்ட இரண்டு வோல்ட் காலி! செல்ஃப் இழுப்பது 200 ஆம்பியருக்குப் பக்கம். ஒரு ஓமில் (தடையை அளக்கும் அலகு) நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலே இரண்டு வோல்ட் போய்விடும். இந்த எர்த் ஒயரை முன்பு ஓம் அளவில் வைத்துப் பார்த்தபோது மீட்டர் பூஜ்யம்தான் காட்டியது. அவ்வளவு சின்னத் தடை மலிவு மீட்டரின் கண்ணில் படாது. கரண்ட் ஓடும்போதுதான் அகப்படும்.

மீட்டர் இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி: ஜம்பர் கேபிளை மைனஸ் முனையிலிருந்து நேராக இஞ்சின் இரும்புக்குக் கொடுத்து ஸ்டார்ட் செய்து பாருங்கள். கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டபடி. என் வண்டி அரை விநாடியில் பிடித்தது, மகன் சிரித்துவிட்டான்.

பேட்டரி தட்டுக்கு அடியில், பாடியிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் பின்னல் ஒயர்தான் குற்றவாளி. மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. மடக்கியதும் உள்ளே பச்சைப் பச்சையாகச் செம்புத் தூள் உதிர்ந்தது. பாதி இழைகள் அறுந்திருந்தன. உப்புக்காற்று பத்து வருடமாகத் தின்ற மிச்சம். புது ஒயர் 350 ரூபாய். போல்ட் உட்காரும் இடத்தை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, முறுக்கி, மேலே வாசலின் தடவினேன்.

இப்போது எர்த் பக்கம் 0.15 வோல்ட். ஸ்டார்ட் செய்யும்போது பேட்டரி 10.1-க்கு இறங்குகிறது, முன்பைவிடக் குறைவு. மோட்டாருக்கு இப்போதுதான் முழுக் கரண்ட் போகிறது. பதினான்கு மாதமாகச் சத்தமில்லை. மதுரை வரை ஓட்டிவிட்டு அணைத்து, உடனே மறுபடி ஸ்டார்ட் செய்தால் மட்டும் லேசாக ஒரு சோம்பல் தெரிகிறது. சூட்டில் மட்டும் வருவதால் எனக்குப் புஷ் மேல்தான் சந்தேகம். இந்தத் தடவை முதலில் மீட்டர், அப்புறம்தான் மெக்கானிக்.