'ஒரிஜினல் மாஸ்டர் டேப்' என்று விற்ற ரெக்கார்டு பெட்டி: அரை மாதச் சம்பளம் போச்சு, நீங்களாவது பார்த்து வாங்குங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் நானும் 'போனால் போகட்டும்' என்று விட்டுவிடுவேன், அவர்கள் அடுத்த ஆளிடம் இதையே விற்பார்கள். போனது அரை மாதச் சம்பளம். வாங்குவதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

பழைய ரெக்கார்டுகளின், அதாவது இசைத்தட்டுகளின், மறுபதிப்புகளை மட்டுமே விற்கும் ஓர் இணையக் கடை. பெயர் போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும், அதனால் போடவில்லை. நான் வாங்கியது ஒரு பாக்ஸ் செட். 1950களின் கடைசியில் 45 ஆர்.பி.எம். சிங்கிள்களாக, அதாவது நிமிடத்துக்கு 45 சுற்றுச் சுற்றும் சின்னத் தட்டுகளாக வந்த, ரிதம் அண்ட் புளூஸ் என்ற அமெரிக்க இசைவகைப் பாட்டுகளின் தொகுப்பு. 180 கிராம் வினைல், கெட்டி அட்டை, மேலே தங்க எழுத்தில் 'ஒரிஜினல் மாஸ்டர் டேப்பிலிருந்து ரீமாஸ்டர் செய்யப்பட்டது'. அதாவது ஸ்டூடியோவில் முதலில் பதிவான மூல நாடாவை எடுத்து, ஒலியைப் புதிதாகச் சீர்செய்தது என்று அர்த்தம்.

அட்டையில் போட்டிருப்பதை மட்டும் நம்பி நான் பணம் கட்டவில்லை. சாட்டில் நேராகவே கேட்டேன்: "டேப்பிலிருந்து எடுத்ததுதானே? சிடியிலிருந்து எடுத்துப் போட்டதில்லையே?" மறுமுனையில் இருந்தவர் விஷயம் தெரிந்தவர் மாதிரிப் பேசினார். "சார், நீங்க கேக்குறது நியாயமான கேள்வி. டேப்தான். ஒரு பக்கத்துக்கு 18 நிமிஷத்துக்கு மேல வைக்கல. உள்வட்டத்துக்குப் போகப் போக 'ஸ' சத்தம் பிசிறும்ல, அதுக்காகத்தான்." அது உண்மையும்கூட. தட்டின் வெளி ஓரத்தில் ஊசிக்கடியில், ஒலி செதுக்கிய பள்ளம் வினாடிக்குச் சுமார் 50 செ.மீ. ஓடும், உள்ளே வந்தால் 20 செ.மீ. அளவுதான். குறைந்த இடத்துக்குள் அதே ஒலி நெருங்கி உட்கார வேண்டும், அதனால் பிசிறும். இதையெல்லாம் கேட்காமலே எடுத்துச் சொல்கிற மனிதர் டேப் விஷயத்தில் பொய் சொல்வார் என்று யாருக்குத் தோன்றும்? அந்தப் பதில் வந்த கையோடு பணம் கட்டினேன். அரை மாதச் சம்பளம்.

பெட்டி வந்தது. பாஸ் எனும் கனத்த அடி ஒலி உப்பியிருந்தது. பாடுகிறவர் போர்வைக்குள்ளிருந்து பாடுவது போல இருந்தது. டிரம்ஸில் சிம்பல் தகட்டை அடிக்கும்போது ஓசை கரகரத்துக் கரைந்து போனது. இரைச்சல் நீக்கும் மென்பொருளை அளவில்லாமல் போட்டால் இப்படித்தான் கேட்கும். சரி, ரசனை வேறுபாடு என்று அதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் ஒரு மெதுவான பாட்டின் நடுவில் 'டக்... டக்... டக்' என்று கேட்டது. தூசி என்று துடைத்தேன், தட்டைக் கழுவினேன். போகவில்லை. கணினியில் பதிவு செய்து இடைவெளியை அளந்தேன். 1.33 வினாடி.

இங்கேதான் குட்டு வெளிப்பட்டது. எனக்கு வந்தவை நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓடும் பெரிய எல்பி தட்டுகள். ஒரு சுற்றுக்கு 1.8 வினாடி ஆகும். என் தட்டில் கீறல் இருந்தால் 1.8 வினாடிக்கு ஒரு முறைதான் 'டக்' கேட்க வேண்டும். 1.33 வினாடிக்கு ஒரு சுற்றுச் சுற்றுவது 45 ஆர்.பி.எம். தட்டு. அதாவது எவரிடமோ இருந்த கீறல் விழுந்த பழைய சிங்கிளை ஓடவிட்டு, பதிவு செய்து, சுத்தம் செய்கிறேன் என்று பாதி இசையையும் சேர்த்துத் துடைத்து, அதை மறுபடி வினைலில் அச்சடித்திருக்கிறார்கள். டேப்பாம், டேப்!

எழுதிக் கேட்டேன். முதல் பதில்: "ஊசிய மாத்திப் பாருங்க." மாற்றினேன், அதே 'டக்'. அடுத்தது: "வினைல்னா கொஞ்சம் சத்தம் இருக்கும் சார், அதுதான் அதோட அழகு." விடாமல் கேட்டதும் அந்த ஒரு தட்டுக்கு மட்டும் மாற்று அனுப்பினார்கள். அதிலும் அதே இடத்தில் அதே 'டக்'. உடனே, "அப்ப ஸ்டாம்பர்ல பிழை இருக்கும்." ஸ்டாம்பர் என்பது தட்டை அச்சடிக்கும் உலோக அச்சு. அதில் பிழை என்றாலும் 1.8 வினாடிக் கணக்கில்தானே வர வேண்டும் என்று ஒலிக்கோப்போடு அனுப்பினேன். அதற்குப் பிறகு சாட்டில் வேறொருவர் வந்தார். "ஒலித்தரம் ரசனை சார்ந்தது, திறந்த பெட்டியைத் திரும்ப எடுக்க இயலாது." ஓட்டிப் பார்க்காமல் எப்படிக் கேட்பதாம்? கடைசியாக ஒரு தானியங்கி மின்னஞ்சல்: உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. அரை மாதச் சம்பளம் அவர்களிடம், புகார் தீர்ந்ததாம்.

பெட்டியின் முதுகில் ஐரோப்பாவில் தயாரானது என்று பொடி எழுத்தில் இருக்கிறது. அங்கே ஒலிப்பதிவு உரிமைக் காலத்தை 50 ஆண்டிலிருந்து 70 ஆக நீட்டும் விதி 2011இல் வந்தது, 2013 நவம்பரிலிருந்து அமலானது. அதற்குள் காலம் முடிந்துபோன பதிவுகளுக்கு, அதாவது 1962 முடிய வெளியானவற்றுக்கு, அது பொருந்தாது. அவற்றை அங்கே எவரும் அச்சடித்து விற்கலாம். சட்டப்படி குற்றமில்லை. ஆனால் டேப் பழைய கம்பெனியின் கிடங்கில் அல்லவா இருக்கும்? இவர்கள் கையில் எப்படி வரும்?

டிஜிட்டல் என்றாலே முகம் சுளிக்கிற ஆள் இல்லை நான். 2022இல், மறுபதிப்புகளுக்குப் பேர்போன மொபைல் ஃபிடெலிட்டி என்ற அமெரிக்க நிறுவனத்தின் தட்டுகளில், டேப்புக்கும் தட்டுக்கும் நடுவே டிஎஸ்டி என்ற டிஜிட்டல் நகல் இருந்தது தெரிந்து பெரிய சண்டையே நடந்தது, வழக்கு வரை போனது. அந்தத் தட்டுகளைப் பல வருடம் கேட்டுப் பாராட்டியவர்கள்தான் சண்டையும் போட்டார்கள். அங்கே நிஜமான டேப்பாவது இருந்தது. எனக்கு வந்தது கீறல் விழுந்த ரெக்கார்டின் நகல்.

விரிவாகச் சொல்வதாகச் சொன்னேன், இப்போது பொறுமை இல்லை. 180 கிராம் என்பது எடை, ஒலித்தரம் இல்லை. 'ரீமாஸ்டர்' என்றால் எதிலிருந்து, யார் செய்தது என்று எழுத்தில் வாங்குங்கள், பெயர் சொல்லாவிட்டால் வாங்காதீர்கள். 1962 முடிய வெளியான பாட்டு, தெரியாத லேபிள் (வெளியீட்டுக் கம்பெனி) என்றால் இரட்டிப்புக் கவனம். வந்த அன்றே எல்லாப் பக்கத்தையும் ஓட்டிப் பாருங்கள், சாட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நான் எடுத்து வைத்திருந்தேன், அதை வைத்துத்தான் கார்டு கொடுத்த வங்கியில் புகார் போட்டிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.