வெப்சைட் செய்து வாங்கும் கடைக்காரர்கள் கவனத்துக்கு: 'நன்றி' பக்கத்தை ரெஃப்ரெஷ் செய்து பாருங்கள்

சேரன்மகாதேவி பக்கம் பத்தமடைப் பாய் விற்கிறேன். வெளியூர்க் கல்யாண ஆர்டர்களுக்காகப் போன வருடம் வண்ணார்பேட்டையில் ஒருவரிடம் 38,000 ரூபாய் கொடுத்து வெப்சைட் செய்தேன். அவர் பெயரை எழுதப் போவதில்லை. என்ன நடந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

கல்யாணப் பாய் என்றால் பெண், மாப்பிள்ளை பெயரைப் பாயிலேயே நெய்து கொடுப்பது. கோரையைத் தண்ணீரில் ஊறப்போட்டு, மெல்லிசாகக் கிழித்து, சாயம் ஏற்றி, எழுத்து எழுத்தாகக் கோத்து வர வேண்டும். எங்களுக்கு நெய்து தரும் அம்மாவுக்கு ஒரு பாய்க்கு 15 நாள் பிடிக்கும். பெயர் விழுந்த பாயை வேறு யாருக்கும் விற்க முடியாது.

வைகாசியில் கோயம்புத்தூர் ஆர்டர் ஒன்று இரண்டாக வந்தது. ஒரே பெயர்கள், இரண்டு ஆர்டர் நம்பர், இரண்டிலும் 'பணம் வந்தது' என்று இருந்தது. நெய்கிற அம்மாவிடம் சொன்னேன். "ஒரே பேர்ல ரெண்டா தம்பி? பொண்ணு வீட்டுக்கு ஒண்ணு, மாப்பிள்ள வீட்டுக்கு ஒண்ணுன்னு கேட்டிருப்பாக" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. இரண்டையும் நெய்து அனுப்பினோம். "நாங்க ஒண்ணுதானே சொன்னோம்" என்று ஒன்று திரும்பி வந்தது. பேங்க் கணக்கைப் பார்த்தால் வந்திருப்பது ஒரு பாய்க்கான 6,500 மட்டும். அந்த அம்மாவின் கூலியை முழுசாகக் கொடுத்தேன்; அவர் உழைப்பில் எந்தக் குறையும் இல்லையே. பழைய ஆர்டர்களைத் தோண்டினால் இன்னும் நான்கு இதே மாதிரி. நல்லவேளை, அவை பெயரில்லாத பாய்கள்.

சைட் செய்தவரைக் கேட்டேன். "கஸ்டமர் ரெஃப்ரெஷ் பண்ணினா நாங்க என்ன சார் செய்றது?" என்றார். சரிசெய்ய 12,000 கேட்டார். பாஸ்வேர்டைக் கேட்டபோது மூன்று வாரம் இழுத்தடித்தார்.

சென்னையில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் அக்கா மகன் ஊருக்கு வந்தபோதுதான் விஷயம் புரிந்தது. "மாமா, கஸ்டமர் மேல தப்பே இல்ல" என்றான். பணம் கட்டி முடித்ததும் பேமெண்ட் கேட்வே, அதாவது ஆன்லைனில் நமக்காகப் பணம் வாங்கித் தரும் சேவை, அந்த விவரத்தை வாடிக்கையாளரின் பிரௌசர் வழியாக, 'போஸ்ட்' என்ற முறையில் நம் சைட்டுக்கு அனுப்புகிறது. எங்கள் சைட் ஆர்டரைப் பதிந்துவிட்டு, அதே பதிலிலேயே 'நன்றி' பக்கத்தைக் காட்டியிருக்கிறது. அந்த இடத்தில் ரெஃப்ரெஷ் செய்தால் அதே விவரம் மறுபடியும் போகும், இன்னொரு ஆர்டர் பதிவாகும். படிவத்தை மீண்டும் அனுப்பவா என்று பிரௌசர் கேட்கத்தான் செய்யும். சிக்னல் கிடைக்காமல், பணம் போய்விட்டதோ என்று பதறுகிறவர் 'சரி' என்றுதானே அழுத்துவார்?

ஆர்டரைப் பதிந்த கையோடு, 303 என்ற எண்ணைக் கொடுத்து பிரௌசரை ரசீது முகவரிக்குத் திருப்பிவிட வேண்டுமாம். பிரௌசர் அங்கே 'கெட்' முறையில், வெறுமனே பக்கத்தைப் பார்க்கப் போகும். அப்புறம் நூறு தடவை ரெஃப்ரெஷ் செய்தாலும் ரசீதுதான் வரும். திருப்பிவிட 307 என்று இன்னொரு எண்ணும் உண்டு; அதைப் போட்டால் போஸ்ட்டாகவே போய்விடும், அது இங்கே உதவாது. இந்த 303, பிரௌசரும் சைட்டும் பேசிக்கொள்வதற்காக 1997-இல் வந்த எச்டிடிபி 1.1 விதிகளிலேயே இருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு சைட் செய்கிறவருக்கு இது தெரியாமல் இருக்கலாமா?

திருப்பிவிட்டால் மட்டும் போதாது. அவசரத்தில் பட்டனை இரண்டு தட்டு தட்டினால் பதில் வருவதற்குள் இரண்டு போஸ்ட் போய்விடும். ஆகவே ஒரு பேமெண்ட் எண்ணுக்கு ஒரே ஆர்டர்தான் என்று டேட்டாபேஸிலேயே பூட்டு வேண்டும். வந்த விவரம் உண்மையாகவே கேட்வேயிடமிருந்துதான் வந்ததா என்று அதனோடு வரும் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்க வேண்டும், தொகையையும் ஒத்துப்பார்க்க வேண்டும். எங்கள் சைட்டில் இது எதுவுமே இல்லை. அக்கா மகன் என் கண் முன்னாலேயே, ஒரு பைசா கட்டாமல், 'பணம் வந்தது' என்ற முத்திரையோடு ஒரு பாய் ஆர்டர் போட்டுக் காட்டினான். எனக்கு வயிறு எரிந்தது அப்போதுதான். எல்லாவற்றையும் ஒரே சாயங்காலத்தில் சரிசெய்தும் கொடுத்துவிட்டான்.

சைட் செய்து வாங்குகிறவர்கள் ஒப்படைக்கும் அன்றே நிஜப் பணம் போகாத, கேட்வேயின் டெஸ்ட் முறையில் ஒரு ஆர்டர் போடுங்கள். 'நன்றி' பக்கம் வந்ததும் ரெஃப்ரெஷ் செய்யுங்கள், பின்னால் போய்த் திரும்ப வாருங்கள். அடுத்த ஆர்டரில் பட்டனை வேகமாக இரண்டு தட்டு தட்டுங்கள். பிறகு ஆர்டர் பட்டியலில் எத்தனை விழுந்திருக்கிறது என்று எண்ணுங்கள். கடைசித் தவணை உங்கள் கையில் இருக்கும்போதே இதைச் செய்யுங்கள். நான் 38,000-ஐயும் முதல் நாளே கொடுத்துவிட்டேன்.