பழைய 911-இன் கியர் தகராறு: புஷ்ஷா, ஷார்ட் ஷிஃப்டரா, சிங்க்ரோவா?

1972 முதல் 1986 வரை வந்த போர்ஷே 911 கார்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது 915 என்ற கியர்பாக்ஸ். அதைப் பற்றிய புகார்கள் எல்லோருக்கும் பழகியவைதான். முதல் கியர் லேசில் விழாது, இரண்டாவது கறகறக்கும், நியூட்ரலில் லீவர் இங்கும் அங்கும் தொளதொளவென்று ஆடும். இதற்கு விற்கப்படும் தீர்வுகள் மூன்று: புது புஷ் (இணைப்புகளில் ஆட்டம் வராமல் பிடிக்கும் சின்ன உறை), ஷார்ட் ஷிஃப்டர் (கை நகரும் தூரத்தைக் குறைக்கும் லீவர்), கியர்பாக்ஸைத் திறந்து சிங்க்ரோ (கியர் விழும் முன் வேகங்களைச் சமமாக்கும் பாகம்) மாற்றுவது. இவை ஒன்றுக்கு ஒன்று மாற்று என்பதுபோல் பேசப்படுகின்றன. ஆனால் இந்த மூன்றில் ஒன்று எந்தப் பழுதையும் சரிசெய்யாது. அதிகம் ஆசைப்பட்டு வாங்கப்படுவதும் அதுதான்.

காசை எடுக்கும் முன் எஞ்சினை அணைத்துவிட்டு எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். அப்போதும் கியர் கிடைக்காமல் லீவர் தடுமாறினால் சந்தேகம் லீவரையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் லிங்கேஜ் மேல். அணைத்திருக்கும்போது சுலபமாக விழுந்து, எஞ்சின் ஓடும்போது மட்டும் அடம்பிடித்தால் கிளட்ச் முழுசாகப் பிரியவில்லை. இதை உறுதிசெய்ய, கிளட்சை அழுத்தி சில விநாடி பொறுத்து ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள். ரிவர்ஸுக்கு சிங்க்ரோ கிடையாது, அதனால் உள்ளே இன்னும் சுற்றிக்கொண்டிருந்தால் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். 915 கார்களில் கிளட்ச் கேபிளில் இயங்குகிறது. கேபிளை ஒழுங்காக டைட் வைத்தாலே பலருக்குத் தொல்லை தீரும். தீரவில்லையா? பெடல் அடியில் உள்ள புஷ் தேய்ந்திருக்கலாம். நடு டனலுக்குள் (காரின் தரையில் நடுவே மேடாக ஓடும் பகுதி) கேபிள் ஓடும் குழாய், வெல்டு விட்டுக் கழன்றிருக்கவும் வாய்ப்பு உண்டு. பெடலை மிதித்தால் கேபிளோடு குழாயும் சேர்ந்து நகரும், கிளட்ச் பாதிதான் பிரியும்.

சரி, லிங்கேஜ்தான் என்று தெரிந்தால் புஷ். லீவர் முன்னால், கியர்பாக்ஸ் பின்னால், நடுவே டனலுக்குள் ஒரு நீள ராடு. பின் சீட்டுகளுக்கு நடுவில் ஒரு சின்ன மூடியைக் கழற்றினால் ராடும் கியர்பாக்ஸும் சேரும் கப்ளர் தெரியும். அதற்குள் இருக்கும் பிளாஸ்டிக் புஷ்கள் வருஷக்கணக்கில் காய்ந்து நொறுங்கிவிடுகின்றன. அங்கே துளி ஆட்டம் இருந்தாலும் லீவரின் நுனியில் அது பல மடங்காகத் தெரியும். லீவரின் அடியிலும் ஒரு கப் புஷ் உண்டு, அதையும் சேர்த்தே மாற்றுங்கள். செலவு குறைவு, எஞ்சினை இறக்கத் தேவையில்லை. கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: கப்ளர் கிளாம்பைத் தளர்த்தும் முன் ராடு நின்ற இடத்தில் அடையாளம் போட்டுக்கொள்ளுங்கள். சற்றுத் திரும்பினாலும் ஒரு பக்கத்து கியர்கள் கிடைக்காது, இல்லையென்றால் போட்ட கியர் தானாக நழுவி நியூட்ரலுக்கு வந்துவிடும்.

பிளாஸ்டிக்கா உலோகமா என்று கேட்டால், உலோக புஷ் நீண்ட நாள் உழைக்கும், பிடிப்பும் துல்லியம். ஆனால் கியர்பாக்ஸின் அதிர்வை அப்படியே கைக்குக் கொண்டுவரும். பந்தயத்துக்குப் போகாத காருக்கு நான் பிளாஸ்டிக்கையே சொல்வேன்.

அடுத்து ஷார்ட் ஷிஃப்டர். லீவர் திரும்பும் புள்ளிக்குக் கீழே உள்ள பகுதியை நீட்டி, கை நகரும் தூரத்தைக் குறைக்கிறார்கள். தூரம் குறைந்தால் அழுத்தம் கூடும், இயக்கவியல் அப்படி. லீவரைப் பிடித்தால் சுகமாக இருக்கிறது, மறுக்கவில்லை. சிக்கல் 915-இன் சிங்க்ரோவில்தான் இருக்கிறது. அது போர்ஷே தானே வடிவமைத்த வகை. வெட்டுவிட்ட ஒரு எஃகு வளையம் விரிந்து, கியரைப் பிடிக்க நகரும் ஸ்லீவை உரசி, இரண்டின் வேகத்தையும் சமமாக்குகிறது. அதற்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டும். குட்டை லீவர் டிரைவரின் கையை அவசரப்படுத்துகிறது, அவசரத்தில் வளையம் தேய்கிறது. தேய்ந்த புஷ்ஷோடு இதை மாட்டினாலோ ஆட்டம் அப்படியே இருக்கும், கியர் தேட வேண்டிய இடம் மட்டும் இன்னும் குறுகிவிடும். எல்லாம் நன்றாக இருக்கும் காருக்கு இது ஓர் ஆடம்பரம். அவ்வளவுதான்.

சிங்க்ரோ போய்விட்டதற்கு அடையாளம், சூடான பிறகும் ஒரே ஒரு கியர் மட்டும் கறகறப்பது. முதலில் சாகிறவை பெரும்பாலும் முதலாவதும் இரண்டாவதும். குளிர்ந்திருக்கும்போது இரண்டாவது முரண்டு பிடிப்பது இந்தப் பெட்டியின் சுபாவம், அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். பெட்டியைத் திறக்க எஞ்சினையும் சேர்த்து இறக்க வேண்டியிருக்கும். திறந்த பிறகு தேய்ந்த பல், ஸ்லீவ், பேரிங் எல்லாம் கண்ணில் படும், பில் ஏறும். அதற்கு முன் ஆயிலை மாற்றிப் பார்ப்பதில் தவறில்லை. டிஃபரென்ஷியலும் (இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரிக்கும் பகுதி) கியரும் ஒரே ஆயிலில், சுமார் 3 லிட்டரில், ஓடுகின்றன. ரொம்ப வழுக்கலான ஆயிலில் வளையம் பிடிக்கத் திணறும் என்று 915 வைத்திருப்பவர்கள் சொல்வதுண்டு.

1987-இல் வந்த ஜி50 பெட்டியைப் பழைய காரில் மாட்டலாமே என்று ஒரு பேச்சும் உண்டு. நல்ல பெட்டி, கிளட்சும் ஹைட்ராலிக். ஆனால் அது நீளம் அதிகம், பின்புற டார்ஷன் பார் (சஸ்பென்ஷனில் ஸ்பிரிங்காக வேலை செய்யும் தண்டு) குழாயை வெட்டி மாற்ற வேண்டிவரும். கியர் கடினமாக இருக்கிறது என்பதற்காக ஒரு கிளாசிக் காரின் உடலை அறுப்பது எனக்கு ஒப்பவில்லை.

சிங்க்ரோ மாற்றக் கொடுப்பவர்கள் பில்லை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். புது வளையம் போட்டுவிட்டுப் பழைய கப்ளர் புஷ்ஷையே மாட்டி அனுப்பும் இடங்கள் உண்டு. லீவர் முழுத் தூரம் போகாததால் கியர் அரைகுறையாக விழுந்து, கியரின் பல்லையே தின்ன ஆரம்பித்துவிடும்.