அனுபவமா, நிபுணரா, தனி ஆய்வா, தொகுப்பாய்வா? அறிவுரைக்கு எந்தச் சான்று தாங்கும்?

தூக்கம், உடற்பயிற்சி, படிப்பு, பழக்கவழக்கம் என எதைப் பற்றிய அறிவுரையானாலும் அதைத் தாங்கி நிற்பது பெரும்பாலும் நான்கில் ஒன்றுதான்: சொந்த அனுபவம், நிபுணர் சொல், ஒரே ஒரு ஆய்வு, பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்ட தொகுப்பாய்வு. பாடப்புத்தகங்கள் இதே வரிசையில்தான், கீழிருந்து மேலாக, மதிப்பெண் போடுகின்றன. ஆனால் கேட்பவரை ஏமாற்றும் திறனைப் பார்த்தால், முதலிடம் அனுபவத்துக்கு அல்ல, தனி ஆய்வுக்கு. "எனக்குப் பலித்தது" என்று ஒருவர் சொன்னால் கேட்பவர் தானாகவே பாதியைக் கழித்துக்கொள்வார். "ஆய்வில் நிரூபித்திருக்கிறார்கள்" என்றால் யாரும் கழிப்பதில்லை.

அனுபவத்தின் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. முதுகுவலி உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் புது வைத்தியத்தைத் தேடுவோம். உச்சத்துக்குப் போன வலி எதுவும் செய்யாவிட்டாலும் பல சமயம் இறங்கும். பெயரை வைத்தியம் தட்டிக்கொண்டு போகும். இதைச் சரிசெய்ய ஒரு வழி இருக்கிறது. மதியத்துக்குப் பிறகு காபி வேண்டாம் என்ற யோசனையைச் சோதிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் நிறுத்துங்கள், இரண்டு வாரம் குடியுங்கள், இதையே இன்னொரு சுற்று செய்யுங்கள். எதை முதலில் செய்வது என்பதை நாணயம் சுண்டி முடிவெடுங்கள். தினமும் தூங்க எடுத்த நிமிடங்களை மட்டும் குறியுங்கள். ஐந்தாறு விஷயங்களைக் குறித்தால் ஏதாவது ஒன்று தற்செயலாகத் தேறிவிடும். விளைவு சீக்கிரம் வந்து சீக்கிரம் மறையும் விஷயங்களுக்கே இந்த முறை பொருந்தும். மாரடைப்பையோ புற்றுநோயையோ இப்படிச் சோதிக்க முடியாது.

நிபுணர் சொல்லில் பார்க்க வேண்டியது பட்டத்தை அல்ல, அவர் எதை வைத்துச் சொல்கிறார் என்பதை. ஒவ்வாமை வரும் வாய்ப்பு அதிகமுள்ள குழந்தைகளுக்கு 3 வயது வரை வேர்க்கடலை கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2000-இல் சொன்னது. தர்க்கம் சரியாகத்தான் பட்டது, சோதனை இல்லை. 2008-இல் அந்த அறிவுரையைத் திரும்பப் பெற்றார்கள். 2015-இல் 640 குழந்தைகளைக் கொண்ட சோதனையின் முடிவு வந்தது. தொடக்கத்தில் தோல் பரிசோதனையில் ஒவ்வாமை தெரியாத குழந்தைகளில், கடலையைத் தவிர்த்தவர்களில் 13.7 சதவீதத்தினருக்கு 5 வயதில் ஒவ்வாமை இருந்தது; சிறு வயதிலிருந்தே சாப்பிட்டவர்களில் 1.9 சதவீதத்தினருக்குத்தான். அறிவுரை தலைகீழானது.

இப்போது தனி ஆய்வு. கைகால்களை அகல விரித்து அதிகாரமாக நின்றால் ஹார்மோன்களே மாறும் என்று 2010-இல் வந்த ஆய்வில் பங்கேற்றவர்கள் 42 பேர். 2015-இல் இன்னொரு குழு 200 பேரை வைத்துச் செய்தது: தெம்பாக உணர்ந்ததாகச் சொன்னார்கள், ஹார்மோனில் மாற்றமில்லை. இது ஏதோ ஒரு விதிவிலக்கு என்று நினைக்க வேண்டாம். அதே 2015-இல் 100 உளவியல் ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்தபோது, முதலில் 97 சதவீதம் தேறியிருந்த இடத்தில் மறுமுறை தேறியது 36 சதவீதம். சின்னக் குழுவில் தற்செயலாகப் பெரிய வித்தியாசம் வந்தால்தான் அது அச்சேறுகிறது. வராதவை மேசை இழுப்பறையோடு சரி.

அந்த இழுப்பறைதான் தொகுப்பாய்வையும் கெடுக்கிறது. மன உறுதி செலவழிந்து தீர்ந்துபோகும் என்ற கருத்துக்கு 2010-இன் தொகுப்பாய்வு நல்ல மதிப்பெண் கொடுத்தது. 2016-இல் 23 ஆய்வகங்கள் முறையை முன்கூட்டியே பதிவுசெய்து, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்தபோது விளைவு ஏறக்குறைய பூஜ்யம். ஆகவே தொகுப்பாய்வைத் திறந்ததும் மூன்றைப் பாருங்கள்: சேர்த்த ஆய்வுகள் எல்லாமே சின்னவையா? முறையை முன்கூட்டியே பதிவுசெய்தவை எத்தனை? சான்றின் உறுதி எந்தத் தரம்? மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து வெளியிடும் கோக்ரேன் அமைப்பின் தொகுப்புகளில் மிகக் குறைவு முதல் உயர்வு வரை நான்கு தரங்களில் இதை எழுதியே கொடுப்பார்கள்.

எங்கள் தேர்வு இப்படி. மருந்து, கர்ப்பம், கைக்குழந்தை என்று தவறினால் மீள முடியாத விஷயமா? தொகுப்பாய்வும் அதன்மேல் எழுந்த மருத்துவ வழிகாட்டியும் மட்டுமே. வேறு எதையும் நீட்டாதீர்கள். காசும் ஆபத்தும் இல்லாத, பிடிக்காவிட்டால் நாளைக்கே விடக்கூடிய விஷயமா? அனுபவமும், மேலே சொன்ன சுயசோதனையும் போதும். தனி ஆய்வை யோசனையாகச் சொல்லலாம், விதியாகச் சொல்லக் கூடாது.

சொல்லும்போது எண்ணோடு எல்லையையும் சேர்த்துச் சொல்லுங்கள். "ஆபத்து 50 சதவீதம் கூடும்" என்பது பத்தாயிரத்தில் 2 பேர் 3 பேரானதாகவும் இருக்கலாம். "பழக்கம் படிய 21 நாள்" என்பதன் வேர் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் அறுவை மருத்துவர் 1960-இல் எழுதியது: மாறிய முகத்துக்குப் பழக நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாள் பிடித்ததாம். அந்தக் 'குறைந்தது' எங்கோ வழியில் உதிர்ந்துவிட்டது. அதற்குப் பதிலாக இப்போது எல்லோரும் சொல்லும் 66 நாளுக்கும் இதே கதி நேரலாம். அது லண்டனில் 96 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வின் இடைநிலை அளவு (பாதிப் பேருக்கு அதைவிடக் குறைவு, பாதிப் பேருக்கு அதிகம்) மட்டும். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை மாறியது. ஆய்வு நடந்ததோ 84 நாள். 254 என்பது வரைகோட்டை நீட்டிக் கணித்தது.